செம்பைப் பிணைக்கும் கரிமப் பொருள்: ஜூரு ஆறும் ஒரு வேதியியல் வரலாறும்

இயற்கை நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள், செம்பு அயனியைப் பற்றிக்கொண்டு அதன் நச்சுத்தன்மையைக் குறைக்கிறது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கும் ஜூரு ஆற்றில் இதன் நன்மையும் எல்லையும் சேர்ந்தே தெரிகின்றன.

மட்கிய இலையும் கண்டல் வேரும் நீருக்குத் தேநீர் நிறம் தருகின்றன. அந்த நிறத்துக்குக் காரணமான ஹியூமிக் அமிலத்தை 1786-இல் ஜெர்மானியர் ஆஹார்ட் பீட் என்னும், முழுதும் மட்காத தாவர மண்ணிலிருந்து பிரித்தார். 1830-களில் ஸ்வீடனின் பெர்சீலியஸ் ஊற்று நீரிலேயே இத்தகைய அமிலங்களைக் கண்டார். இவற்றின் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் உலோகங்களைக் கவ்வுகின்றன. மாங்கனீசு முதல் துத்தநாகம் வரையுள்ள ஈரிணைதிற அயனிகளில் செம்பே மிக உறுதியாகப் பிணைகிறது என்பதை இர்விங்கும் வில்லியம்சும் 1948-இல் காட்டினர்.

திருப்புமுனை 1976. சண்டாவும் கில்லார்டும் கடல் நுண்பாசி வளர்த்த நீரில் டிரிஸ் என்னும் பிணைப்பியின் அளவையும் அமிலநிலையையும் மாற்றிப் பார்த்தார்கள். பாசியின் வளர்ச்சியை முடக்கியது நீரிலிருந்த மொத்தச் செம்பு அல்ல, எதனோடும் பிணையாத செம்பு மட்டுமே. 1988-இல் கோலும் புருலாண்டும் வடகிழக்குப் பசிபிக்கின் மேல்நீரில் செம்பின் 99.7 விழுக்காட்டுக்கு மேல் கரிமத்தோடு கட்டுண்டிருப்பதை அளந்தனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை 2007-இல் நன்னீர்ச் செம்பு வரம்பைக் கணக்கிடக் கரைந்த கரிமத்தையும் சேர்த்துக்கொண்டது.

பினாங்கில் 1970-களில் பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. பிறையின் தொழிற்கழிவால் ஜூரு ஆறு கெட்டு, அதன் முகத்துவாரத்தில் உள்ள கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பு நொறுங்கியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. மீனவர்கள் கூட்டுறவாகக் கெராங் என்னும் சிப்பியினத்தை வளர்த்தார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் இவ்வாற்றின் சேற்றிலும் உயிர்களிலும் செம்பை அளந்துவந்துள்ளனர்.

சேற்றைக் கவனிப்பதில்தான் காரியம் இருக்கிறது. ஆற்றுநீர் உப்புநீரைத் தொடும்போது ஹியூமிக் பொருளில் ஒரு பகுதி இரும்போடு திரண்டு, செம்பையும் கூட்டிக்கொண்டு அடியில் படிகிறது. நீர்ப்பாசிக்கு அது விடுதலை. சேற்றில் புதைந்து நுண்துகள்களை வடித்துண்ணும் கெராங்குக்கோ அது உணவோடு வந்து சேரும் செம்பு. ஆகவே நீரை மட்டும் சோதித்து ஆறு நலம் என்று எழுதுவது கெராங் வளர்ப்பவருக்கு அநீதி. இதோடு, வெப்பமண்டல வெயிலில் கரிம மூலக்கூறுகள் சிதைந்து பிணைப்புத் திறனை இழப்பதும் உண்டு. அப்போது கட்டுண்ட செம்பில் ஒரு பங்கு மீண்டும் நீரில் அவிழ்கிறது.