கிழவியின் குளிரும் முன்பூக்கும் கொடிகளும்

குளிர்காலம் கழியும் தறுவாயில், வெயில் சற்றே இதமாக அடிக்கக் கண்ட ஒரு கிழவி, இனிக் குளிரில்லை எனத் துணிந்து, தன் ஆடுகளின் உரோமம் முழுவதையும் ஒரே நாளில் கத்தரித்துவிட்டாளாம். குளிர் திரும்பி வந்தது. ஏழு நாள் நின்றது. உரோமமிழந்த ஆடுகள் மடிந்தன. அரபு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை இது. அந்த ஏழு நாட்களுக்கு ‘அய்யாமுல் அஜூஸ்’, அதாவது கிழவியின் நாட்கள் என்றும், அந்தக் குளிருக்கு ‘பர்துல் அஜூஸ்’ என்றும் பெயர் வழங்கலாயிற்று.

இப்பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. ஆத் கூட்டத்தாரை அழித்த கடுங்காற்றோடு சிலர் இதனை இணைத்தனர். ‘அஜுஸ்’ என்னும் சொல் பின்புறத்தைக் குறிப்பதால், குளிர்காலத்தின் வாற்பகுதி என்பதே பொருள் என்று மொழியறிஞர் சிலர் உரைத்தனர். எவ்விளக்கத்தைக் கொண்டாலும் செய்தி ஒன்றுதான்: போய்விட்டது என்று நாம் எண்ணும் குளிர் போகவில்லை. அரபிகள் அந்த ஏழு நாட்களுக்கும் தனித்தனியே பெயரிட்டனர். ஸின், ஸின்னப்ர், வப்ர் எனத் தொடங்கும் அப்பட்டியலின் கடைசி நாளுக்கு ‘முத்ஃபிஉல் ஜம்ர்’, அதாவது ‘தணலை அணைப்பவன்’ என்று பெயர்.

இந்நாட்கள் எப்போது வரும்? ஹிஜ்ரி 390ஆம் ஆண்டளவில் (கி.பி. 1000) ‘அல் ஆஸாருல் பாக்கியா’ என்னும் நூலை இயற்றிய அறிஞர் அல்பீரூனீ அவர்கள் கணக்கைத் தெளிவாகத் தருகின்றார். ஷுபாத் மாதம் 26ஆம் நாள் தொடங்கி ஏழு நாள். சாதாரண ஆண்டில் மூன்று நாள் ஷுபாத்திலும் நான்கு நாள் ஆதாரிலும் விழும். நெட்டாண்டில் நான்கு நாள் ஷுபாத்திலும் மூன்று நாள் ஆதாரிலும் விழும். ஷுபாத் என்பது ஸிரியாக் மரபின் பிப்ரவரி. ஆதார் என்பது மார்ச்.

ஹிஜ்ரிக் கணக்கிருக்க ஸிரியாக் மாதம் எதற்கு என வாசகர் வினவலாம். பிறையைக் கொண்டு எண்ணும் ஆண்டு, சூரிய ஆண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. ஆதலின் நோன்பும் ஹஜ்ஜும் எல்லாப் பருவங்களிலும் சுழன்று வரும். வணக்கத்துக்கு அது பொருந்தும். விதைப்புக்கும் கவாத்துக்கும் பொருந்தாது. எனவே முஸ்லிம் நாடுகளின் உழவர்கள் ஹிஜ்ரிக் கணக்கோடு சூரியக் கணக்கொன்றையும் கைக்கொண்டனர். கிழக்கே ஸிரியாக் மாதங்கள் வழங்கின. மேற்கே அந்தலுஸில் யனாயிர், ஃபிப்ராயிர், மார்ஸ் என்னும் உரோமை மாதங்கள் வழங்கின. இத்துடன் நிலவின் 28 மனைகளையொட்டிப் பருவங்களைப் பிரிக்கும் ‘அன்வா’ என்னும் விண்மீன் முறையும் இருந்தது. இப்னு குதைபா (மறைவு ஹி. 276 / கி.பி. 889) அவர்கள் இத்துறையில் ‘கிதாபுல் அன்வா’ என்றே ஒரு நூல் எழுதினார்கள்.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஹுதைபியாவில் மழை பெய்த இரவுக்குப் பின், மழையை அல்லாஹ்வின் அருளென்போரையும் விண்மீனின் செயலென்போரையும் வேறு பிரித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தமை புகாரீ, முஸ்லிம் என்னும் இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. எனவே விண்மீன் மழையைத் தருவதன்று, காலத்தைக் காட்டுவதே என்னும் வரம்பு நம் அறிஞர்களிடையே நிலைபெற்றது. கிழவியின் நாட்களையும் அவ்வண்ணமே கொள்ள வேண்டும். குறித்த நாளில் குளிர் வந்தே தீரும் என்னும் சோதிடமன்று அது. இந்நாட்கள் கழியும் வரை கத்தரியை எடுக்காதே என்னும் எச்சரிக்கை.

இதே பருவத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஷுபாத் 7, 14, 21 ஆகிய நாட்களில் மூன்று ‘ஜம்ரா’க்கள், அதாவது தணல்கள் விழுவதாகச் சொல்வர். துருக்கியர் இதனை ‘ஜெம்ரே’ என்று இன்றும் வழங்குகின்றனர். முதல் தணல் காற்றிலும், இரண்டாவது நீரிலும், மூன்றாவது மண்ணிலும் விழும் என்பது அவர்கள் மரபு. பழைய ஜூலியன் கணக்குக்கும் இன்றைய கிரெகோரியன் கணக்குக்கும் இப்போது 13 நாள் வேறுபாடு இருப்பதால், முதல் தணல் பிப்ரவரி 20ஐ ஒட்டியும், கிழவியின் நாட்கள் மார்ச் 11 முதல் 17 வரையும் அமைகின்றன.

இம்மரபில் தோட்டக்காரனுக்குரிய பேருண்மை ஒன்று பொதிந்துள்ளது. முதலில் சூடேறுவது காற்று; கடைசியில் சூடேறுவது மண். சுவரில் படர்ந்த கொடியின் நுனி, காற்றின் வெதுவெதுப்பை உணர்ந்து கண் விழிக்கின்றது. அதன் வேரோ இன்னும் குளிர்ந்த மண்ணில் உறங்குகின்றது. அவ்வேளையில் ஓரிரவு உறைபனி இறங்கினால், முதலில் மாய்வது முந்தி விழித்த தளிரே.

அந்தலுஸின் தோட்டக்கலை இவ்வறிவை ஏட்டில் ஏற்றியது. கி.பி. 961ஐ ஒட்டி, கலீஃபா இரண்டாம் ஹகம் அவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்ட ‘குர்துபா நாட்காட்டி’, அரீப் இப்னு ஸஃது என்னும் முஸ்லிம் அறிஞரின் பெயரோடும் ரபீஃ இப்னு ஸைத் என்னும் கிறிஸ்தவ ஆயரின் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படுவது. 1873இல் டோஸி என்னும் டச்சு அறிஞர் இதனை அச்சேற்றினார். மரங்கள் துளிர்ப்பதும், பெண்கள் பட்டுப்புழு முட்டைகளைப் பேணத் தொடங்குவதும் அதன் பிப்ரவரிக் குறிப்புகளில் இடம்பெறுகின்றன.

ஆயினும் ஒரு நாட்காட்டி எல்லா ஊர்களுக்கும் பொருந்துமோ? குர்துபா ஆற்றுச் சமவெளியில் அமைந்தது. துலைத்துலா, இன்றைய டொலேடோ, உள்நாட்டு மேட்டு நிலத்தில் அமைந்தது. அங்கே வசந்தம் பிந்தி வரும், உறைபனி பிந்திப் போகும். அந்நகரத்து மன்னர் மஃமூனின் தோட்டத்தைப் பேணிய இப்னு பஸ்ஸால் அவர்கள், 1085இல் நகரம் கைமாறிய காலத்தை ஒட்டித் தெற்கே இஷ்பீலியாவுக்குப் பெயர்ந்தார்கள். குளிர்ந்த மேட்டிலும் வெதுவெதுப்பான சமவெளியிலும் பணியாற்றிய அவர்களுடைய நூல், கண்டறிந்ததைச் சொல்லும் நூலாகப் போற்றப்படுகின்றது. அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் அவர்கள், 34 அத்தியாயங்களில் ‘கிதாபுல் ஃபிலாஹா’வை இயற்றி, 585 தாவரங்களைப் பற்றி எழுதினார்கள். முன்னோர் கூற்றைத் தந்து, தாம் செய்து பார்த்ததையும் உடன் வைப்பது அவர்களுடைய வழக்கம்.

இந்நூல்களில் கொடிகளின் தலைவி திராட்சையே. 1348இல் அல்மரிய்யாவின் இப்னு லூயூன் அவர்கள் வேளாண்மையைச் செய்யுளாகப் பாடியபோது, தோட்டத்தின் நடைபாதைக்கு நிழல் தரத் திராட்சைப் பந்தலையே விதித்தார்கள். திராட்சைப் பூ கண்ணைக் கவராது. ஆனால் அதன் தளிருக்குள்ளேதான் அவ்வாண்டின் பூங்கொத்து ஒளிந்திருக்கும். உறங்கும் திராட்சை மொட்டு, உறைநிலைக்குக் கீழே 15 பாகைக் குளிரையும் தாங்கவல்லது. அதுவே கண் விழித்துத் தளிரான பின், உறைநிலைக்குக் கீழே இரண்டு மூன்று பாகைக் குளிரிலேயே கருகிவிடும். ஆற்றல் மிக்கதாக உறங்கியது, விழித்ததும் மெலிந்ததாகி விடுகின்றது!

ஆயினும் அக்கொடி முற்றிலும் காப்பற்றதன்று. ஒரு மொட்டு என்று நாம் காண்பதற்குள் மூன்று மொட்டுகள் அடங்கியிருக்கும். முதல் மொட்டு பனியில் மாண்டால் இரண்டாவது எழும். அதுவும் மாண்டால் மூன்றாவது எழும். பின்னெழுவனவற்றில் காய் குறையும்; ஆனால் கொடி பிழைக்கும். மனிதனும் தன் பங்குக்கு வழி கண்டான். உறைபனி அஞ்சப்படும் இடங்களில் கவாத்தைக் காலந்தாழ்த்திச் செய்தால் கொடி பிந்தி விழிக்கும். கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமை அறிஞர் பிளினி, பனி அஞ்சும் இரவுகளில் தோட்டத்தில் சருகும் வைக்கோலும் எரித்துப் புகையெழுப்பச் சொன்னார். உரோமர், கிரேக்கரின் வேளாண் அறிவு பின்னர் குஸ்தூஸ் என்பவர் பெயரால் அரபியில் புகுந்து, இப்னுல் அவ்வாம் அவர்களின் நூலிலும் எடுத்தாளப்பட்டது.

திராட்சை உணவுக்கு உரியது. கண்ணுக்கு விருந்தாகும் கொடிகளோ இன்னும் முந்தியே பூக்கின்றன. அரபு அகராதிகளில் ‘ளய்யான்’ என்றொரு சொல் உண்டு. ‘யாஸமீனுல் பர்’, அதாவது காட்டு மல்லிகை என்று அதற்குப் பொருள் கூறுவர். இன்று கிளமேட்டிஸ் என்று தோட்டக்காரர் அழைக்கும் கொடியினத்தையே அச்சொல் குறிக்கின்றது. அவ்வினத்தில் ஒன்று, ஸ்பெயின் முதல் வட ஆப்பிரிக்கா, கிரீட், ஷாம் வரை மத்தியதரைக் கடலைச் சூழ்ந்து இயற்கையாகவே படர்வது. கோடை வறட்சியில் ஓய்ந்து, இலையுதிர் காலத்தின் கடைசியில் தொடங்கி வசந்தத் தொடக்கம் வரை, வெளிர்மஞ்சள் மணிகளாகத் தலை கவிழ்ந்து பூக்கும். 1753இல் லின்னேயஸ் இதற்குக் கிளமேட்டிஸ் ஸிர்ரோஸா என்று பெயர் சூட்டினார்.

மத்தியதரைக் கரையில் குளிர்காலமே மழைக்காலம். ஆதலின் அங்கே இக்கொடி குளிரில் பூப்பது இயல்பு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துத் தோட்டங்களுக்கு இது சென்றபோதுதான் சிக்கல் எழுந்தது. மண் உறையும் நாட்டில், தாய்நாட்டுப் பழக்கம் மாறாமல் அது பூத்தது. ஆங்கிலத் தோட்டக்காரர் இதற்குத் தென்முகச் சுவரின் அடைக்கலம் தந்தனர். கிழக்குச் சுவரைத் தவிர்த்தனர். இரவில் உறைந்த மொட்டின் மீது காலைக் கதிர் நேராகப் பட்டால், பனி விரைந்து உருகி மொட்டின் நலம் கெடும் என்பது அவர்கள் அனுபவம். ஆனால் தென்சுவரும் இருமுனைக் கத்தியே. அது குளிரைத் தடுக்கும்; உறங்கும் கொடியை வேளைக்கு முன்பே எழுப்பியும் விடும்.

இப்புதிருக்கு வேறொரு விடை சீனத்திலிருந்து வந்தது. இலண்டன் தோட்டக்கலைச் சங்கம் 1843இல் சீனத்துக்கு அனுப்பிய இராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர், 1844இல் மஞ்சள் நிறக் குளிர்கால மல்லிகையொன்றை அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சேர்த்தார். இலையற்ற பசுந்தண்டில் வெறுமனே பூப்பதால் ‘நூடிஃப்ளோரம்’ என்று அதற்குப் பெயர். சீனர் வைத்த பெயரோ ‘வசந்தத்தை வரவேற்பது’ என்னும் பொருளுடையது. அது தானாகச் சுற்றி ஏறுவதன்று. சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். உறைபனி அதன் மலர்ந்த பூக்களைக் கருக்கிவிடும். ஆனால் மூடிய அரும்புகள் தப்பும்; அடுத்த இதமான நாளில் அவை மலரும். கார்த்திகை தொடங்கி மாசி வரையான காலமெல்லாம் அது சிறிது சிறிதாகவே பூக்கின்றது. இருப்பதையெல்லாம் ஒரே நாளில் திறந்து வைப்பதில்லை.

இப்போது கிழவியை நினைவு கூர்வோம். அவளுடைய பிழை, குளிர் எந்நாளில் வரும் என அறியாதது அன்று. அதனை யாரே அறிவர்? எல்லா ஆடுகளின் உரோமத்தையும் ஒரே நாளில் இழந்ததே அவள் பிழை. மூன்று மொட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாய் வைத்திருக்கும் திராட்சையும், அரும்புகளைப் பகுத்துச் செலவிடும் மஞ்சள் மல்லிகையும் எதிர்காலத்தை அறிந்தவை அல்ல. அறியாமைக்கு ஏற்பச் சேமித்து வைக்குமாறு படைக்கப்பட்டவை.

வானிலை அறிவியல் வளர்ந்துவிட்ட இந்நாளில் இக்கதை எதற்கு என்று கேட்போர் உண்டு. முன்னறிவிப்பு சில நாட்களுக்கு முன்னரே உறைபனியைச் சொல்லும். அது பெரும் பயனே. ஆனால் எந்தச் சுவரில் நடுவது, எவ்வினத்தைத் தேர்வது, எந்த வாரத்தில் கவாத்து செய்வது என்பவற்றை முன்னறிவிப்பு வருவதற்கு மிக முன்னரே தோட்டக்காரன் முடிவு செய்தாக வேண்டும்.

இன்றோ நிலைமை இன்னும் கடுமையாகியுள்ளது. பிரான்சின் போன் நகரில் 1354 முதல் 2018 வரையான திராட்சை அறுவடை நாட்களை ஆராய்ந்தோர், 1988 முதல் அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டதைக் கண்டனர். கோடை முந்துகின்றது, கொடியும் முந்தி விழிக்கின்றது. ஆனால் உறைபனி அதற்கேற்ப முந்தி விடைபெறுவதில்லை. 2021 மார்ச் இறுதியில் பிரான்சில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் நிலவியது, கொடிகள் துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கடும் உறைபனி இறங்கியது. இரவெல்லாம் தோட்டங்களில் தீச்சுடர்களை ஏற்றி வைத்தும் பெருஞ்சேதம் நேர்ந்தது. புவி வெப்பமாதலால், துளிர்த்த பின் இத்தகைய பனி தாக்கும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு கூடியிருப்பதாக அதனை ஆராய்ந்த அறிவியலார் கணக்கிட்டனர். வெப்பம் மிகுவதால் பனிச்சேதம் மிகுகின்றது என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். கிழவியின் கதை அறிந்தோர்க்கு அதில் முரண் இல்லை.

அல்பீரூனீ அவர்கள் குறித்த 26ஆம் நாள், இனி வரும் தலைமுறைக்குச் சரியான நாளாக இராமற் போகலாம். நாள் நகரும், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அந்நாளைக் குறித்து வைத்தவர்கள் நமக்கு விட்டுச் சென்றது தேதி மட்டுமன்று. முதல் தணல் விழுந்தது கண்டு மகிழ்வதும், தணலை அணைப்பவன் கடந்து போகும் வரை கத்தரியை உறையில் வைத்திருப்பதும் ஒருங்கே கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.