கும்மிடிப்பூண்டி லோக்கலும் ஒரு போனஃபைடு லெட்டரும்

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல இருந்து காலைல கிளம்புற கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறியிருக்கீங்களா? அந்த லைனே ஒரு தொழில் வரலாறு. விம்கோ நகர்னு ஒரு ஸ்டேஷன் வரும். அது தீப்பெட்டிக் கம்பெனியோட பேரு. அப்புறம் எண்ணூர். 1948-ல அசோக் மோட்டார்ஸா பிறந்து, 1955-ல அசோக் லேலண்ட் ஆன கம்பெனி அங்கதான் இருக்கு. அத்திப்பட்டுல அனல்மின் நிலையம். கடைசி ஸ்டாப் கும்மிடிப்பூண்டி: சிப்காட், இரும்பு உருக்கிற ஆலை, ரோலிங் மில்லு.

காலேஜ் லீவு விட்டா இந்த ட்ரெயின்ல ஒரு தனிக் கூட்டம் இருக்கும். கழுத்துல ஐ.டி. கார்டு, பைக்குள்ள காலேஜ் குடுத்த போனஃபைடு லெட்டர். ஐ.பி.டி., அதாவது இன்பிளான்ட் ட்ரெய்னிங் போற பசங்க. நானும் அப்படிப் போனவன்தான். கம்பெனி பேரு வேணாம். பதினஞ்சு நாள் ட்ரெய்னிங்ல பத்து நாள் ஸ்டோர்ஸ்ல உக்காந்து ரெஜிஸ்டர் எழுதினேன். சர்டிஃபிகேட்ல மட்டும் 'உற்பத்திப் பிரிவில் பயிற்சி பெற்றார்'னு இருந்துச்சு.

அந்த கேட்டுக்குள்ள நுழைஞ்ச நான் யாரு? தொழிலாளியா, மாணவனா, விருந்தாளியா? இன்னைக்கு எபிசோடு இந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம ஊர்ல இன்ஜினியரிங் படிப்பு ஆரம்பிச்சதே வேலை பழகுறதுலதான். 1794-ல மைக்கேல் டாப்பிங்னு ஒரு சர்வேயர் சென்னைல சர்வே பள்ளியைத் தொடங்கினார். முதல்ல வெறும் எட்டு பசங்க. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேணும். ஐரோப்பாவுல இருந்து கூட்டிட்டு வந்தா செலவு அதிகம். அதனால சின்னப் பசங்களுக்குக் கணக்கும் வரைபடமும் சொல்லிக்குடுத்து, கள வேலைக்கு அனுப்பினாங்க. கிண்டி இன்ஜினியரிங் காலேஜோட வேர் அதுதான். அந்தப் பசங்க மேல பாசம் வெச்சு பண்ணினாங்கன்னு நினைக்காதீங்க. மலிவான ஆள் தேவைப்பட்டுது, அவ்வளவுதான். இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

காலேஜ் பெருசாக ஆக, வகுப்பறையும் பட்டறையும் பிரிஞ்சு போச்சு. திரும்ப ஒட்டவைக்கப் பாத்தவர் ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர். 1906-ல சின்சினாட்டி பல்கலைக்கழகத்துல 27 மாணவர்களை வெச்சு ஆரம்பிச்சார். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் தொழிற்சாலை. தொழிற்சாலை வாரத்துக்குச் சம்பளம் உண்டு. கனடா போற நம்ம பசங்க 'கோ-ஆப்'னு சொல்றாங்களே, அது இதுதான். அங்க வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல கோ-ஆப்போடதான் பிறந்துச்சு.

அதே 1957-லதான் ஆவடிப் பக்கம் முருகப்பா குழுமத்தோட அறக்கட்டளை ஒரு பாலிடெக்னிக்கைத் திறந்தது. இன்னைக்கு முருகப்பா பாலிடெக்னிக்னு சொல்றோமே, அதுதான். சாண்ட்விச் டிப்ளமாவுக்குப் பேர் போன இடம். நம்ம ஊர்ல கோ-ஆப்புக்குப் பேரு சாண்ட்விச். படிப்பு, நடுவுல ஃபேக்டரி, மறுபடி படிப்பு. சாதாரண டிப்ளமா மூணு வருஷம்னா சாண்ட்விச் மூணரை வருஷம். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்ல பி.இ. சாண்ட்விச் அஞ்சு வருஷம். அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ், ஆவடில டியூப் கம்பெனி, 1961-ல டேங்க் ஃபேக்டரி. ஒரு சைக்கிள் தூரத்துக்குள்ள இத்தனை மெஷின் இருந்தா, நடுவுல ஃபேக்டரியை வெக்கிறது கஷ்டமில்ல.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1961-ல தொழில் பழகுநர் சட்டம் வந்துச்சு. முதல்ல அது ஐ.டி.ஐ. தொழில்களுக்கு. 1973 திருத்தத்துலதான் பட்டதாரி இன்ஜினியர்களும் டிப்ளமாக்காரங்களும் உள்ள வந்தாங்க. அவங்க உதவித்தொகைல பாதியை மத்திய அரசு ஏத்துக்கும். தென் மாநிலங்களுக்கான வாரியம் தரமணில இருக்கு. 2019-ல வந்த விதில பட்டதாரிக்கு மாசம் குறைஞ்சது 9,000 ரூபாய், டிப்ளமாவுக்கு 8,000னு வெச்சாங்க.

இந்தச் சட்டத்தோட இதயம் 18-ஆவது பிரிவு. பழகுநர்னா பயிற்சி பெறுபவர், தொழிலாளி கிடையாது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. கேக்க மோசமா இருக்குல்ல? ஆனா அதே சட்டம் இன்னொரு பக்கம் சில விஷயங்களைக் கெட்டியாப் புடிச்சிருக்கு: பாதுகாப்பு விதிகள் அவருக்கும் உண்டு. அடிபட்டா இழப்பீடு உண்டு. அனுமதி இல்லாம ஓவர்டைம் வாங்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, பதிவு பண்ணின ஒப்பந்தம் இருக்கணும்.

போனஃபைடு லெட்டரோட போற ஐ.பி.டி. பையனுக்கு அந்த ஒப்பந்தம் இல்ல. அவன் தொழிலாளியும் இல்ல, சட்டப்படி பழகுநரும் இல்ல. ஃபர்னஸ் பக்கத்துல நிக்கிறவனுக்கு இது வெறும் பேப்பர் விஷயமா?

ஏன் இப்படி ஆச்சு? என் கணிப்பு இது. 1980-கள் நடுவுல எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதி இன்ஜினியரிங் காலேஜுக்குக் கதவைத் திறந்துச்சு. ஆவடில இருந்து கவரைப்பேட்டை வரைக்கும் காலேஜ் முளைச்சுது. முதல் தலைமுறைப் பட்டதாரிங்க ஆயிரக்கணக்குல வந்தாங்க, அது நல்ல விஷயம்தான். ஆனா மெஷின் அந்த வேகத்துல பெருகல. அத்தனை பேருக்கும் ஆறு மாசம் குடுக்க எந்த ஃபேக்டரிலயும் இடமில்ல. பதினஞ்சு நாள், ஒரு கையெழுத்து, ஒரு சீல்னு சுருங்கிடுச்சு. 2018-ல ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டம் 600-ல இருந்து 700 மணிநேரம் இன்டர்ன்ஷிப் வேணும்னு சொன்னுச்சு. தேவை கூடினதும் இன்டர்ன்ஷிப்புக்கு மாணவன்கிட்டயே காசு கேக்கிற சந்தையும் சூடு புடிச்சுது.

2024-ல வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைக் கேப்பீங்க. தொடங்கினப்போ மாசம் 5,000 ரூபாய், பெரிய கம்பெனிங்க, எல்லாம் சரி. ஆனா அப்போ முழுநேரம் படிச்சுட்டு இருக்கிறவங்க விண்ணப்பிக்க முடியாதுன்னு விதி இருந்துச்சு. அதாவது அது நம்ம லோக்கல் ட்ரெயின் பையனுக்காக வரல.

1794-ல மலிவா ஆள் வேணும்னு தேடினாங்கன்னு சொன்னேன்ல? இன்னைக்கும் சில இடத்துல 'இன்டர்ன்'ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் அதுதான். அதனால அடுத்த தடவை ஆஃபர் வந்தா, கம்பெனி பேரைப் பாக்கிறதுக்கு முன்னாடி லெட்டரைப் பாருங்க. 'பழகுநர் ஒப்பந்தம்'னு இருக்கா, பதிவு எண் இருக்கா? படிப்பு முடிச்சவங்கன்னா மத்திய அரசோட நாட்ஸ் போர்ட்டல்ல பதிவு இருக்கான்னு கேளுங்க. படிச்சுட்டு இருக்கிறவங்கன்னா, அடிபட்டா இன்ஷூரன்ஸ் யாரு குடுப்பாங்கன்னு காலேஜ் ப்ளேஸ்மென்ட் ஆபீஸ்ல எழுத்துலயே கேளுங்க. மொதல்ல முறைப்பாங்க. பரவால்ல.

அடுத்த எபிசோடுல விம்கோ நகர்ல இறங்குறோம், அந்தத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு.