ஹெட்லைட் ஏன் மங்குது? ஒரு சட்டத்தின் கதை

பத்து வருஷம் வெயிலில் நின்ற காரைப் பாருங்க மக்களே. இஞ்சின் நல்லா ஓடும், பெயிண்டும் பரவாயில்லாம இருக்கும். ஹெட்லைட் மட்டும் கண்ணில் புரை விழுந்த மாதிரி மஞ்சளா மங்கிக் கிடக்கும். அதே ரோட்டில் எப்பவாவது ஒரு கிழட்டு அம்பாசடர் வந்தா, அதோட வட்ட விளக்கு இன்னமும் பளிச்னு இருக்கும். அது கண்ணாடி, இது பிளாஸ்டிக், அவ்வளவுதானேன்னு கேட்பீங்க. சரி, கண்ணாடி ஏன் பிளாஸ்டிக் ஆச்சு? அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணும்.

அங்கே 1940க்கு முன்னாடி பல்புக்குப் பின்னால் வெள்ளி முலாம் பூசிய ரிஃப்ளெக்டர் இருக்கும். இடுக்கு வழியா ஈரமும் தூசியும் உள்ளே போய் வெள்ளி கறுக்கும், வெளிச்சம் செத்துப் போகும். வீட்டு வெள்ளி விளக்கு மாதிரி கழற்றித் துலக்கிக்கிட்டே இருக்கணும். இதுக்கு முடிவு கட்டினது 1940 மாடல் கார்களில் வந்த சீல்டு பீம். இழை, ரிஃப்ளெக்டர், முன்கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒரே மூடிய உருண்டை. எல்லாக் காருக்கும் ஒரே அளவு, 7 அங்குல வட்டம். இழை போச்சுன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்ட வேண்டியதுதான். துலக்குற வேலையே ஒழிஞ்சது. என்னைக் கேட்டா ரொம்ப உருப்படியான ஏற்பாடு.

எல்லாக் காருக்கும் ஒரே முழின்னு டிசைன்காரங்களுக்குத்தான் கடுப்பு. 1950களின் கடைசியில் நாலு விளக்கு வந்தது, 1975 மாடல்களில் செவ்வகம் வந்தது. ஆனா சீல்டு பீம் மட்டும் அசையலை. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் காற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போற மூக்கு தேவைப்பட்டது. 1981ல் ஃபோர்டு அரசாங்கத்திடம் மனு போட்டது, 1983ல் அனுமதி கிடைச்சது. 1984 மாடல் லிங்கன் மார்க் 7 காரில் பல்பை மட்டும் மாற்றுற, உடம்போடு ஒட்டி வளைஞ்ச விளக்கு வந்தது.

இப்படி வளைக்க பாலிகார்பனேட் தோதானது. லேசு, கல்லடி பட்டாலும் உடையாது. 1953ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே கண்டுபிடிச்ச பொருள் இது. ஆனா ரெண்டு குறை உண்டு: சுலபமா கீறல் விழும், புற ஊதாக் கதிர் பட்டா மஞ்சளாகும். அதனால மேலே கெட்டியா ஒரு பூச்சு பூசித்தான் அனுப்புறாங்க. வெயிலிலும் மணலிலும் தேயறது முதலில் அந்தப் பூச்சுதான்.

ஆக, 1940ல் ஒழிஞ்ச துலக்குற வேலை திரும்பி வந்துடுச்சு. அப்ப உள்ளே, இப்ப வெளியே :-)

அழகுக்கு மட்டும் பண்ற வேலைன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018ல் சோதிச்சுப் பார்த்தப்ப, மங்கின விளக்கு புதுசு தர்ற வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம்தான் தந்தது. தேய்ச்சுச் சரி பண்ணினதும் சுமார் 70 சதவீதம் வந்தது. ராத்திரி குறுக்கே நடக்கிற ஆளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

முறை ஒண்ணும் ரகசியமில்லை. சுத்தி டேப் ஒட்டி, தண்ணி விட்டு 800, 1000, 2000, 3000னு வாட்டர் பேப்பரில் வரிசையா தேய்க்கணும், அப்புறம் பாலிஷ். ஆனா தேய்க்கும்போது கம்பெனி பூச்சில் மிச்சம் மீதி இருக்கிறதும் போயிடும். புற ஊதாவைத் தடுக்கிற கிளியர் கோட் திரும்பப் பூசலைன்னா சில மாசத்திலேயே பழைய கதைதான். டூத்பேஸ்ட் வைத்தியமும் இந்த ரகம்தான். எங்க ஏரியா கடை ஒன்றில் பத்தே நிமிஷத்தில் பளபளன்னு ஆக்கித் தர்றாங்க. "மேலே என்னண்ணே பூசுறீங்க?"ன்னு கேட்டேன். "வேக்ஸ்தான் சார், சூப்பரா இருக்கும்"னார். நீங்க காரை விடும்போதும் இதைக் கேட்டுட்டு விடுங்க.