99 நாள் பேரரசரும் என் தொண்டையும்

பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் 1888-ஐ ஜெர்மனியின் 'மூன்று பேரரசர்கள் ஆண்டு' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். முதலாம் வில்லியம் மார்ச்சில் இறந்தார். மகன் மூன்றாம் ஃபிரடெரிக் 99 நாள் ஆண்டார். பிறகு பேரன் இரண்டாம் வில்லியம் வந்தார். நடுவில் இருப்பவரை ஒரே வரியில் தாண்டிவிடுவேன். ஓய்வுபெற்ற பின் என் தொண்டையிலும் புற்றுநோய் வந்தபோதுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1887 தொடக்கத்தில் அவருக்குக் குரல் கம்மியது. மே மாதமே அறுவைக்கு ஜெர்மன் மருத்துவர்கள் ஆயத்தமானார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த மோரல் மெக்கன்சி, சதையில் துணுக்கெடுத்துப் பேராசிரியர் விர்ச்சோவிடம் அனுப்பினார். அதில் புற்று தெரியவில்லை. அறுவை நின்றது. நவம்பரில் நோய் உறுதியானபோது, குரல்வளையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. பிப்ரவரியில் மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டார்கள். அரியணை ஏறியபோது பேச்சே இல்லை. சீட்டில் எழுதிக் காட்டியே ஆண்டார். ஜூன் 15 அன்று காலமானார்.

அந்த அறுவை அன்று புதிது. புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் முதலில் எடுத்தவர் வியன்னாவின் பில்ரோத். அது 1873-ன் கடைசி நாள். நோயாளிக்கு 36 வயது. பில்ரோத்தின் உதவியாளர் குசென்பவர் செய்துகொடுத்த செயற்கைக் குரல்வளையால் அவர் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சுருதியில் பேசினாராம். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது.

உயிரா, குரலா என்ற கேள்வி அதன்பின் நூறாண்டு நின்றது. 1981-ல் அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களும் அலுவலக மேலாளர்களுமாக 37 பேரிடம் இதையே கேட்டார்கள். எல்லோரும் நோயில்லாதவர்கள். வாழ்நாள் குறைந்தாலும் குரல் போதும் என்று ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சொன்னார்.

1991-ல் 332 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வழி காட்டியது. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் குரல்வளை தப்பியது. அறுவை செய்துகொண்டவர்களைவிட இவர்களுக்கு ஆயுளும் குறையவில்லை.

எனக்குக் கிடைத்தது அந்த வழிதான். கீமோவோடு 35 முறை கரண்ட் வைத்தார்கள். குரல் தங்கியது; இன்றும் பேத்தியோடு போனில் பேசுகிறேன். ஆனால் எச்சில் வற்றிவிட்டது. இட்லியைக்கூட சாம்பாரில் ஊறவைத்து, தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் இலையை விட்டுக் கடைசியாக எழுவது நான்தான். இரவில் நாக்கு ஒட்டிக்கொள்வதால் தலைமாட்டில் எப்போதும் ஒரு செம்புத் தண்ணீர்.

பரிசோதனைக்குப் போகும்போது ஒரு லாரி டிரைவர் பழக்கமானார். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ப்ளோம், சிங்கர் இருவர் 1980-ல் அறிமுகப்படுத்திய வகையிலான சிறு வால்வு பொருத்தியிருக்கிறார். கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு கரகரவென்று பேசுவார். வாசனை தெரியாது; குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் முறுக்கை நொறுக்கியபடி, "சார், உங்களுக்குக் குரல், எனக்கு முறுக்கு" என்றார். இருவரும் சிரித்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உயிரைப் பற்றியும் குரலைப் பற்றியும் டாக்டர்கள் என்னிடம் விளக்கமாகப் பேசினார்கள். சாப்பாட்டைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதையேதான் தேர்ந்திருப்பேன். ஆனாலும் தெரிந்து தேர்ந்திருப்பேன். விழுங்கும் பயிற்சியை முதல் வாரமே தொடங்கியிருப்பேன். பல் டாக்டரையும் முன்பே பார்த்திருப்பேன்.

நண்பர்களே, குரல் கம்மி மூன்று வாரம் ஆகியும் சரியாகவில்லை என்றால் கஷாயத்தை நம்பி உட்காராதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆசிரியர் அறைக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்தவன் சொல்கிறேன். சிகிச்சை என்று முடிவானால், உயிரோடும் குரலோடும் சேர்த்து சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.