சுவருக்குள் மறைந்த குழாய்

காலையில் எழுந்ததும் குழாயைத் திருகுகிறோம், நீர் வருகிறது. முகம் கழுவுகிறோம், குடிக்கிறோம். அந்நீர் எதன் வழியே வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அரசர்களின் பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் வரலாறு என்று படிக்கிறோம். நம் வீட்டுச் சுவருக்குள் மறைந்து கிடக்கும் குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அது நமக்கு ஓர் எச்சரிக்கையும் கூறுகிறது. அதனை இன்று சுருக்கமாகக் காண்போம்.

மனிதன் முதலில் கையாண்ட குழாய்களுள் ஒன்று மண்ணால் ஆனது. சிந்துவெளி நகரங்களில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே, கழிவுநீரை வெளியேற்றச் சுடுமண் குழாய்கள் அமைத்தார்கள். நம் நாட்டுக் கீழடியிலும், 2019ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. ஒன்றின் முனை மற்றொன்றின் வாயில் நுழைய வேண்டும். நீர் கசியக் கூடாது. குயவர் கண்ட இவ்வுத்திதான் இன்றைய பிளாஸ்டிக் குழாய் இணைப்பிலும் நிலவுகிறது. பொருள் மாறிற்று, கருத்து மாறவில்லை.

அடுத்து உரோமாபுரிக்குச் செல்வோம். குழாய் வேலை செய்பவரைப் பிளம்பர் என்கிறோம் அல்லவா? பிளம்பம் என்பது இலத்தீன் மொழியில் காரீயத்தின் பெயர். வேதியியல் நூலில் நீங்கள் காணும் காரீயத்தின் குறியீடும் அச்சொல்லிலிருந்து பிறந்ததே. உரோமர் காரீயத் தகட்டை உருளையாக வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்துக் குழாய் செய்தனர். காரீயம் மென்மையானது, எளிதில் வளையும், துருப்பிடிக்காது. ஆகவே அதனை விரும்பினர்.

அதன் தீமையை அவர்கள் அறியாதவர்களா? அறிந்தவர் இருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், காரீயக் குழாய் நீரைவிட மண்குழாய் நீரே உடலுக்கு நல்லது என்று எழுதினார். காரீயத்தை உருக்கும் தொழிலாளர்களின் உடல் வெளுத்துப் போவதை அவர் சான்றாகக் காட்டினார். எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. காரீயம் வீதியில் இருந்தது.

கி.பி. 97ஆம் ஆண்டில் உரோமாபுரியின் நீர் வழங்கும் துறைக்குத் தலைவரானவர் ஃபிரான்டினஸ். பொது நீர்வழியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நீர் பிரியும் இடத்தில் ஒரு வெண்கல இணைப்பு இருக்கும். அதன் வாயளவே அவ்வீட்டின் பங்கு. அளவு முத்திரை இல்லாத இணைப்புகளையும், உரிய அளவினும் பெரிய இணைப்புகளையும் அவர் கண்டார். பணியாளர் சிலர் குழாயைத் திருட்டுத்தனமாகத் துளைத்து நீரை விற்றதையும் கண்டு, தம் நூலில் பதிவு செய்தார். கைக்குள் அடங்கும் ஓர் இணைப்பில் ஊரின் நீதியே அடங்கியிருந்தது!

காரீயத்தால்தான் உரோமப் பேரரசு வீழ்ந்தது என்பாரும் உண்டு. அது மிகை. அந்நீரில் சுண்ணாம்பு மிகுதி; அது குழாயின் உட்புறத்தில் படிந்து ஒரு போர்வையாயிற்று. நீரும் தேங்காமல் ஓடிக்கொண்டேயிருந்தது. ஆகவே தீமை ஓரளவு குறைந்தது. இந்தப் போர்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனெனில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் அத்தகைய ஒரு போர்வை கிழிந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்பது அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம். 2014ஆம் ஆண்டில், செலவைக் குறைக்கக் கருதி, அந்நகரின் குடிநீரை ஓர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினர். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தை நீரில் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்களின் உட்படிவு கரைந்தது. காரீயம் நீரில் கலந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்ததை மருத்துவர் கண்டறிந்தனர். 2015 அக்டோபரில் பழைய நீருக்கே திரும்பினர். ஆனால் குழந்தையின் மூளைக்குக் காரீயம் இழைக்கும் கேட்டை முற்றும் மாற்ற மருந்து இல்லை. அந்நாட்டில் புதிய காரீயக் குழாய்களை 1986ஆம் ஆண்டிலேயே சட்டம் விலக்கிவிட்டது. எனினும், அதற்கு முன் மண்ணில் புதைத்தவை மண்ணிலேயே கிடந்தன. புதைத்தவர் மறைந்தாலும் புதைத்தது மறைவதில்லை.

இனிப் பிளாஸ்டிக்கின் கதை. 1872ஆம் ஆண்டில் பாமன் என்னும் செருமானிய வேதியியலாளர், குடுவையில் வெயில் பட்டுக் கிடந்த ஒரு வாயு வெண்ணிறத் திண்மமாக மாறியிருப்பதைக் கண்டார். அதுவே பி.வி.சி. அதனைப் பயனுள்ள பொருளாக்க நெடுங்காலம் பிடித்தது. 1930களில் செருமனியில் அதனால் நீர்க்குழாய்கள் செய்தனர். துருப்பிடிக்காதது, எடை குறைந்தது, உட்புறம் வழவழப்பானது. ஆதலால் நம் வீடுகளில் இரும்புக் குழாயின் இடத்தை அது பிடித்தது.

காரீயத்தின் கதை இத்துடன் முடிந்ததா? இல்லை. பி.வி.சி.யைச் சூடாக்கி வார்க்கும்போது அது சிதையாமலிருக்கச் சில உப்புகளைச் சேர்க்கவேண்டும். விலை மலிவும் வினைத்திறனும் உடையவை காரீய உப்புகள். இவ்வாறு, முன்வாயிலில் வெளியேற்றிய காரீயம் பின்வாயில் வழியே நுழைந்தது. இதனைக் கட்டுப்படுத்த 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு தனி விதிகள் வெளியிட்டது. காரீயம் சேராத குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன, கேட்டு வாங்கவேண்டும்.

ஓய்வு பெற்றபின் நான் ஒரு சிறு வீடு கட்டினேன். குளியலறை வெந்நீர்க் குழாய் பதித்த சில திங்களில் சுவர் நனைந்தது. ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தால், இணைப்பருகே குழாய் தளர்ந்து வளைந்திருந்தது. தண்ணீருக்கு உரிய சாதாரணக் குழாயை வெந்நீருக்கு வைத்துவிட்டார் வேலையாள். சாதாரண பி.வி.சி. 45 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கு ஏற்றதன்று, வெந்நீருக்குச் சி.பி.வி.சி. வேண்டும். குறை அவருடையது மட்டுமா? முப்பது ஆண்டுகள் மாணவர்களைக் கேள்வி கேட்ட நான், சுவரை மூடுமுன் ஒரு கேள்வி கேட்கவில்லையே!

ஆகவே சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். உரோமர் முத்திரை பார்த்ததுபோல நாமும் குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கவேண்டும். குடிநீருக்கான பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 4985 என்றும், சி.பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 15778 என்றும் இந்தியத் தர எண் இருக்கும். எல்போ, டீ, கப்ளிங் ஆகிய இணைப்புகளும் குழாயின் இனத்தையே சார்ந்திருக்கவேண்டும். குழாயை நேராக அறுத்து, பிசிறு நீக்கித் துடைத்து, முதலில் வெறுமனே பொருத்திப் பார்க்கவேண்டும். பின் அதற்குரிய சால்வென்ட் சிமெண்டை இரு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, உள்ளே செலுத்திக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாது பிடிக்கவேண்டும். அது வெறும் பசை அன்று. இரு பரப்பையும் சற்றே கரைத்து ஒன்றாக்குவது. அது முற்றும் உலருமுன் நீரைத் திறந்தால் இணைப்பு நெகிழும். வெயில் படும் குழாய்க்கு வண்ணம் பூசுதல் நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, நீரை அழுத்தத்துடன் செலுத்திச் சோதித்த பிறகே சுவரை மூடவேண்டும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் குழாய் பொருத்துவீர்கள். பலர் வீடு கட்டுவீர்கள். சுவர் மூடியபின் உள்ளே இருப்பதை எவரும் பாரார். ஆனால் அவ்வீட்டில் பிறக்கும் குழந்தை அந்நீரைத்தான் பருகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலையில்தான் மனிதனின் நேர்மை தெரியும். குழாயின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.