பற்பமும் எலியும்

எங்க அரிமளம் பக்கத்துப் பெரியவர்களிடம் சிலாசத்து பற்பம் என்றால், "நீர்க்கடுப்புக்குக் குடுப்பாங்களே, அதானே?" என்பார்கள். சித்த மருத்துவத்தின் கற்பூர சிலாசத்து வேறொன்றுமில்லை, ஜிப்சம்தான். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் வெட்டி எடுக்கிற அதே கனிமம். சுத்தி செய்து, அரைத்து, வில்லை தட்டி, வறட்டி அடுக்கிப் புடம் போட்டால் வெள்ளைப் பற்பம்.

இந்த மாதிரி கனிம மருந்து சிறுநீரகத்தைக் காக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் முறைக்கே ஒரு வரலாறு இருக்கு.

1921-ல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியக் குழுவை அமைத்தது. 1923-ல் அறிக்கை வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி அறிவியல்தானா என்று வைத்தியர்களையே கேட்டு எழுதி வாங்கினார்கள். எலிக்கு அதில் வேலை இல்லை.

நாட்பட்ட பாதிப்புக்கான எலி பின்னால்தான் வந்தது. 1986-ல் ஜப்பானில் யோகோசாவா குழுவினர், அடினின் கலந்த தீனியால் எலிக்கு நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பை வரவழைக்கும் முறையை வெளியிட்டார்கள். உடம்பு அடினினை இன்னொரு பொருளாக மாற்றும். அது கரையாமல் சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாக அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் ஏறும். மருந்து கொடுத்த எலிக்கு அவ்வளவு ஏறவில்லை என்றால் 'பாதுகாப்பு' என்று எழுதுவார்கள்.

இங்கேதான் நிதானம் வேணும். அடினின் தீனியை எலி விரும்பித் தின்னாது. மருந்து பசியை இன்னும் குறைத்தால் உள்ளே போகும் விஷமும் குறையும். சிறுநீரகம் தப்பித்த மாதிரி தெரியும். அதனால் எந்த ஆய்வைப் படித்தாலும் தீனியின் அளவையும் எலியின் எடையையும் முதலில் பாருங்கள். மருந்தைக் கூடவே கொடுத்தார்களா, பாதிப்பு வந்த பிறகு கொடுத்தார்களா என்றும் பாருங்கள். முன்னது காப்பு, பின்னதுதான் சிகிச்சை. மனிதர்களுக்குப் பெரும்பாலும் சிறுநீரகம் கெடுவது சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும். படிக அடைப்பால் அல்ல.

மறுபக்கமும் இருக்கு. 1993-ல் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2004-ல் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. ஈயமும் பாதரசமும் சிறுநீரகத்தையே தாக்குபவை.

ஆக, கேள்வி இரண்டு: இந்தப் பற்பம் காக்குமா? கெடுக்காமல் இருக்குமா? கிரியேட்டினின் ஏறியவர் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான்.