ஊடகக் கல்வி: இங்கிலாந்துப் பள்ளிகளில்

இங்கிலாந்தில் ஊடகக் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்கள் ஆங்கில ஆசிரியர்கள். ஊடகத்தின் மீதிருந்த வெறுப்பே அவர்களை உந்தியது. கேம்பிரிட்ஜ் திறனாய்வாளர் எஃப். ஆர். லீவிஸும் பள்ளி ஆசிரியர் டெனிஸ் தாம்சனும் 1933இல் வெளியிட்ட ‘கல்ச்சர் அண்ட் என்விரான்மென்ட்’ இதன் முன்னோடி நூல். கவிதையைச் சொல் சொல்லாக அலசும் பயிற்சியை அவர்கள் விளம்பரத்தின் பக்கம் திருப்பினார்கள். பத்திரிகை விளம்பரம் ஒன்றை மாணவரிடம் கொடுத்து, இது எந்தப் பயத்தைக் கிளறுகிறது, எந்த அந்தஸ்து ஆசைக்குத் தூண்டில் போடுகிறது என்று கேட்பார்கள். நல்ல இலக்கியத்தில் ஊறியவர் மலிவான எழுத்துக்கு மயங்கமாட்டார் என்பது நம்பிக்கை. பின்னால் வந்தவர்கள் இதைத் ‘தடுப்பூசி அணுகுமுறை’ என்றார்கள். தீர்ப்பை ஆசிரியர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார் என்ற குறை நியாயமானதே. ஆனாலும் விளம்பரத்தைப் பாடப்பொருளாக மதித்தது அன்றைக்குச் சிறிய காரியமல்ல.

1960இல் தேசிய ஆசிரியர் சங்கம் வெகுசனப் பண்பாடு குறித்து மாநாடு கூட்டியது. அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக, லண்டன் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவமுள்ள ஸ்டூவர்ட் ஹாலும் பாடி வானலும் 1964இல் ‘தி பாப்புலர் ஆர்ட்ஸ்’ எழுதினார்கள். சினிமாவை ஷேக்ஸ்பியரோடு நிறுத்துப் பார்க்காதே, சினிமாவுக்குள்ளேயே நல்லதையும் மட்டமானதையும் பிரித்துப் பார் என்பது அவர்கள் வாதம். (ஜாஸைக் கொண்டாடிய அளவுக்குப் பாப் இசையை அவர்களாலும் ஏற்க முடியவில்லை.)

1980களில் ஊடகக் கல்வியாளர் லென் மாஸ்டர்மன் தரம் பிரிக்கும் வேலையையே ஒதுக்கிவைத்தார். செய்தி என்பது உலகைக் காட்டும் கண்ணாடியல்ல, யாரோ ஆக்கிய பண்டம்; ஆக்கியவர் யார், யாருக்காக, எதை விட்டுவிட்டு என்பதே கேள்வி என்றார். வகுப்பறை மாறியது. ஒரே புகைப்படத்துக்கு இரு குழுக்கள் எதிரெதிரான தலைப்பு எழுதும். கிடைத்த செய்திகளில் எதை முதல் பக்கத்தில் போடுவது, எதைக் கழிப்பது என்று மாணவர்களே சண்டை போட்டு முடிவு செய்வார்கள். ‘நடுநிலைச் செய்தி’ எப்படித் தயாராகிறது என்பது இப்படிக் கைப்பழக்கத்தில் புரிந்தது.

1990இல் தேசியப் பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பகுதி ஊடகப் பனுவல்களுக்கும் இடம் கொடுத்தது. 2014இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இலக்கணத்தையும் இலக்கியப் பாரம்பரியத்தையும் முன்னிறுத்தி அந்த இடத்தைப் பெரிதும் பறித்துக்கொண்டது. கைபேசி வழியே பொய்ச்செய்தி பரவத் தொடங்கிய நேரம் பார்த்து இது நடந்தது விந்தைதான். ஊடகவியல் தனி விருப்பப்பாடமாக நீடிக்கிறது. அதை எடுக்காத மாணவருக்கு ஊடகக் கல்வி குடிமையியலிலும் கணினிப் பாடத்திலும் துண்டு துண்டாகவே கிடைக்கிறது.